படுத்திருந்தவர் பார்த்த கல்யாணம்

எந்த மென்பொருள் நல்லது, எந்த அளவில் எக்ஸ்போர்ட் செய்வது என்றெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். நான் வேலையை விட்டு இரண்டு வருடமாகிறது. எனக்குத் தெரிந்த பட்டன்கள் எல்லாம் இதற்குள் இடம் மாறியிருக்கும். அரைக்கோள வீடியோ எடுக்கும் கேமராவை இப்போதுதான் வாங்கி, பெட்டியைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற உங்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒரே ஒரு வேலையைப் பற்றித்தான். அதில் நான் இரண்டு தவறு செய்தேன். இரண்டையும் திருத்தினேன். திருத்தியதால் சரியாகிவிட்டதா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

புக்கிட் காத்திலில் ஒரு தரைவீட்டின் பின்னறையில் இருபத்தெட்டு வருடம் கல்யாண வீடியோக்களை எடிட் செய்தவள் நான். படம் பிடிப்பவர்கள் வேறு. அவர்கள் கொண்டுவந்து கொடுப்பதை நான் வெட்டிச் சேர்த்துக் கொடுப்பேன். மலாக்காவில் நடந்த எத்தனையோ கல்யாணங்களில் யார் அழுதார், யார் முகத்தைத் திருப்பிக்கொண்டார், எந்த மாமா சாப்பிடாமலே கிளம்பினார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அவர்களில் யாருக்கும் என்னைத் தெரியாது. அம்மா போன பிறகு வீட்டில் நான் மட்டும்தான். வேலை முடிந்ததும் நானே காரில் கொண்டுபோய், வாடிக்கையாளர் வீட்டு கேட்டில் நின்று கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். உள்ளே வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொல்வார்கள். இன்னொரு இடத்துக்குப் போகவேண்டும் என்பேன். போவதற்கு இன்னொரு இடம் இருந்ததில்லை.

ஐம்பத்தேழு வயதில் இந்தக் கேமராவை வாங்கினேன். கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடியது, உள்ளங்கைக்குள் அடங்கும். முன்பக்கம் இரண்டு லென்ஸ், நம் கண்களுக்கு நடுவே இருக்கும் அதே தூரத்தில். ஒவ்வொன்றும் தனக்கு முன்னால் இருக்கும் பாதி உலகத்தை வட்டமாக வளைத்துப் பிடித்துக்கொள்ளும். அந்த இரண்டு வட்டங்களையும் விரித்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே படமாக்கி அனுப்பினால், கண்களை மூடி மாட்டிக்கொள்ளும் ஹெட்செட் இடது படத்தை இடது கண்ணுக்கும் வலது படத்தை வலது கண்ணுக்கும் பிரித்துக் கொடுக்கும். போட்டவருக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். பின்னால் திரும்பினால் மட்டும் கறுப்பு.

முதல் தடவை ஒரு கோயிலில் எடுத்துப் பழகியபோது இடதையும் வலதையும் மாற்றிச் சேர்த்துவிட்டேன். கோயில் தூண் சுவருக்குப் பின்னால் போனது, சுவர் என் மூக்குக்கு வந்தது. ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு வாந்தி வராமலிருக்க வெகுநேரம் தரையில் படுத்துக் கிடந்தேன்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவரை நான் பார்த்ததில்லை. இணையத்தில் இந்தக் கேமரா வைத்திருப்பவர்கள் கூடிப் பேசும் இடத்தில் ஒருவர் இருந்தார். எந்த நாடு, ஆணா பெண்ணா, என்ன வயது, எதுவும் தெரியாது. பெயருக்குப் பதில் நான்கு எண்கள்தான். நான் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் பொறுமையாகப் பதில் எழுதுவார். நீங்கள் வெட்டும் ஒவ்வொரு தடவையும் பார்ப்பவரின் கையைப் பிடித்து இழுத்து வேறு இடத்தில் நிறுத்துகிறீர்கள், ஆகவே வெட்டாமல் இருக்கப் பழகுங்கள் என்பார். கைக்கெட்டும் தூரத்துக்குள் யாராவது வந்துவிட்டால் பார்ப்பவரின் கண்கள் இரண்டு படத்தையும் ஒன்றாக்க முடியாமல் திணறும், அந்த இடத்தை மட்டும் தயங்காமல் எடுத்துவிடுங்கள் என்பார். இரண்டு வருடம் இப்படி எழுதினார். பிறகு ஒரு நாள் பதில் வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை. என்ன ஆயிற்று என்று யாரிடம் கேட்பது? என்னிடம் இருந்தது நான்கு எண்கள்.

அந்தச் சமயத்தில்தான் யோகேஸ்வரி என்ற கல்யாணப் பெண் போனில் கூப்பிட்டாள்.

மெர்லிமாவில், தாமான் என்று சொல்லும் குடியிருப்பில் வீடு. அப்பா கோவிந்தன், முப்பது வருடம், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். முந்தைய வருடம் ஸ்ட்ரோக் வந்து விழுந்துவிட்டார். வலது பக்கம் முழுவதும் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. கழுத்தை மட்டும் இருபுறமும் கொஞ்சம் திருப்புவார். இடது கையில் விரல்கள் லேசாக அசையும். கேட்டால் கண்ணால் பதில் சொல்வார்: ஒரு தடவை மூடித் திறந்தால் ஆமாம், இரண்டு தடவை என்றால் இல்லை. உட்கார வைத்தால் இரத்த அழுத்தம் இறங்கி மயங்கிவிடுகிறார், கல்யாண மண்டபத்துக்குக் கொண்டுபோகவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை, மலாக்கா டவுனில். மாப்பிள்ளைக்கு ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் வேலை. புதன்கிழமை மாலை இருவரும் கிளம்புகிறார்கள். அதற்குள் அப்பா அந்தக் கல்யாணத்தைப் பார்க்கவேண்டும், அவர் பார்க்கும்போது தான் பக்கத்தில் நிற்கவேண்டும் என்றாள்.

“அப்பா முன் வரிசையில உக்காந்து பாக்கற மாதிரி இருக்கணும் ஆன்ட்டி. பின்னாடி தெரியலன்னா பரவால்ல லா. அவரால எப்படியும் திரும்ப முடியாது.”

படம் பிடிக்க நானே போனேன். முன் வரிசையில் அவருக்கென்று ஒரு நாற்காலியை விட்டு வைத்திருந்தார்கள். அவர் மனைவி ராஜம்மா அதில் ஒரு புது வேட்டியை மடித்து வைத்திருந்தார். நாற்காலிக்கு ஒட்டினாற்போல் மூன்றுகால் ஸ்டாண்டை வைத்து, உட்கார்ந்திருக்கும் ஆளின் கண் உயரத்துக்குக் கேமராவை ஏற்றினேன். பிறகு அதன் பின்னால் போய் நின்றுகொண்டேன். அரைக்கோளத்தில் பின்பக்கம் விழாது. பின்னால் நிற்கும்வரை நான் அந்தக் கல்யாணத்தில் இல்லை.

கேமரா இருந்த இடத்தில் வேறு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்று மட்டும் தோன்றியது. அவ்வழியே போனவர்கள் எல்லாம் கேமரா முன்னால் மெதுவாக நடந்தார்கள். கோவிந்தனோடு லோரி ஓட்டியவராம், ஒருவர் வந்து குனிந்து, “கோவிந்தா, உன் மகளப் பாத்தியாடா?” என்று கேட்டுவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்துக் கொஞ்சம் கூச்சத்தோடு நகர்ந்தார். தாலி கட்டும்போது எல்லோரும் எழுந்தார்கள். ராஜம்மா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். கேமராவுக்கு முன்னால் நின்றவர்கள் விலகிக்கொண்டார்கள்.

தாலி கட்டி முடிந்ததும் யோகேஸ்வரி மாலையோடு மேடையிலிருந்து இறங்கி நேராக அந்த நாற்காலிக்கு வந்தாள். வெகு அருகில் நின்றாள். “அப்பா” என்றாள். அவ்வளவுதான். பிறகு ஸ்டாண்டின் காலடியில் குனிந்து தொட்டுக் கும்பிட்டாள். நாதஸ்வரம் ஒலித்துக்கொண்டிருந்தது. அவள் நிமிர்ந்தபோது முகம் லென்ஸுக்கு ஒரு முழம் தள்ளித்தான் இருந்தது.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் கணினி முன்னால்தான். மொத்தம் முப்பத்தொன்பது நிமிடப் படம், ஒரே இடத்திலிருந்து. வெட்டுவதற்கு ஒன்றுமில்லை, அந்தக் கும்பிடும் இடத்தைத் தவிர. அதில் அவள் முகம் இரண்டாகப் பிரிந்தது, மாலைப் பூக்கள் கண்ணுக்குள் குத்துவதுபோல் இருந்தன. பார்த்தபோது எனக்கே கண் வலித்தது. விதி எனக்குத் தெரியும். அந்த ஒரு நிமிடத்தை எடுத்துவிட்டேன். எடுத்தது தெரியாமல் இருக்க இரு பக்கத்தையும் மெதுவாக இருட்டாக்கி இணைத்தேன். நல்ல வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

எக்ஸ்போர்ட் செவ்வாய் மத்தியானம் ஒரு தடவை பாதியில் நின்றது. மறுபடி தொடங்கினேன். புதன் காலை பத்து மணிக்கு முடிந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, ஹெட்செட்டைப் போட்டு, முதலிலிருந்து கடைசிவரை பார்த்தேன். இடது வலது சரி, சத்தம் சரி, தரை சாயாமல் நேர். எதிரில் மணமேடை அப்படியே இருந்தது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. அது எனக்குப் பழக்கம்.

பன்னிரண்டு மணிக்கு மெர்லிமாவ் போய்ச் சேர்ந்தேன். கேட்டுக்கு வெளியே நான்கு மோட்டார் சைக்கிள்கள், இரண்டு கார்கள், வாசலில் பெட்டிகள். வீடு நிறைய ஆட்கள். யோகேஸ்வரி ஓடிவந்தாள். எந்தப் பட்டனை அழுத்தவேண்டும் என்று கேட்டிலேயே காட்டிக்கொடுத்தேன். உள்ளே வந்து அப்பா பார்ப்பதை நானும் பார்க்கவேண்டும் என்று கையைப் பிடித்தாள்.

இன்னொரு இடத்துக்குப் போகவேண்டும் என்றேன்.

மத்தியானம் மூன்று மணிக்கு அவளிடமிருந்து செய்தி வந்தது. அப்பா முழுவதும் பார்த்தாராம். நன்றாகத் தெரிகிறதா என்று மூன்று தடவை கேட்டாளாம், மூன்று தடவையும் ஆமாம் என்றாராம். முடிந்து கழற்றியபோது கண்ணில் தண்ணீர் நின்றதாம். ‘இனிமே நிம்மதியா ப்ளைட் ஏறுவேன் ஆன்ட்டி’ என்று முடித்திருந்தாள். அந்தச் செய்தியை நான் அந்த வாரம் முழுவதும் எடுத்து எடுத்துப் படித்தேன். இருபத்தெட்டு வருடத்தில் என் வேலையைப் பார்த்து யாராவது அழுதார்கள் என்று எனக்குத் தெரியவந்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த புதன்கிழமை ஹெட்செட்டைத் திரும்ப எடுத்துவரப் போனேன். அன்று வாசலில் ஒரு வண்டியும் இல்லை. ராஜம்மா மட்டும்தான். முழங்கால் வலியாம், கேட்டுவரை நடந்து வர முடியவில்லை, நீங்களே உள்ளே வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சன்னலிலிருந்து கூப்பிட்டார். ஆக, அவருடைய முழங்கால் வலிதான் என்னை அந்த வீட்டுக்குள் கொண்டுபோனது.

அறைக்குள் போனதும் நான் பார்த்தது கட்டிலை. தலைப்பக்கம் கொஞ்சமாகத்தான் உயர்த்தியிருந்தது. கோவிந்தன் அதில் மல்லாந்து படுத்திருந்தார். அவர் முகம் கூரையைப் பார்த்திருந்தது.

அவர் படுத்திருப்பவர் என்பது எனக்குத் தெரியும். முதல் நாளே சொன்னார்கள். தெரிந்தும் நான் நாற்காலியில் உட்கார்ந்துதான் பார்த்தேன். ஹெட்செட்டுக்குத் தரை எது, வானம் எது என்று தெரியும். போட்டவர் கூரையைப் பார்த்தால் அது கூரையைத்தான் காட்டும். அந்த ஹெட்செட்டில் இருந்த பிளேயர் படத்தை இடவலமாக நகர்த்தி மையத்துக்குக் கொண்டுவரும், மேலே தூக்கிக் கொடுக்காது.

அன்றைக்கு எப்படிப் போட்டார்கள் என்று ராஜம்மாவிடம் கேட்டேன். பின்னால் பட்டை உறுத்தியதால் தானே இரண்டு கையாலும் கண்மேல் பிடித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். முப்பத்தெட்டு நிமிடமும். பிறகு தேத்தண்ணி கலக்குகிறேன் என்று அடுப்படிக்குப் போனார்.

நான் கட்டிலோரம் தரையில் மண்டியிட்டு, அவர் தலையணையின் ஓரத்தில் என் தலையைச் சாய்த்து, அவர் முகம் எப்படி இருந்ததோ அப்படியே என் முகத்தை வைத்து, ஹெட்செட்டைக் கண்ணில் பிடித்தேன். மண்டபத்தின் கூரை. வரிசையாக விளக்குகள், நான்கு மின்விசிறிகள். கண்ணைக் கீழே தள்ளித் தள்ளிப் பார்த்தால் மணமேடைப் பந்தலின் உச்சிப் பூக்கள் கொஞ்சம். நாதஸ்வரம் கேட்டது, ஐயர் குரல் கேட்டது, பெண்கள் சிரிப்பது கேட்டது. ஆள் ஒருவர்கூட இல்லை.

கழற்றிவிட்டு அவரைப் பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் செய்தது எல்லாம் அவருக்குப் புரிந்திருந்தது.

“அண்ணே, நீங்க பாத்தது கூரை மட்டும்தானா?”

ஒரு தடவை மூடித் திறந்தார்.

என் தப்பு என்றேன். மகளிடம் இன்றே கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

இரண்டு தடவை மூடித் திறந்தார். உடனே இன்னும் இரண்டு தடவை.

ராஜம்மா தேத்தண்ணியோடு வந்தார். எனக்கு யோசிக்க இருந்தது அவர் கதவிலிருந்து கட்டிலுக்கு வரும் நேரம்தான். படத்தை இன்னும் தெளிவாக்க முடியும், மறுபடி செய்துகொண்டு வருகிறேன் என்றேன். நீங்கள் இளையவர்கள், தவறை உடனே ஒப்புக்கொள்ளவேண்டும் என்று படித்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் அது என் தவறு மட்டும் என்றால் நான் ஒப்புக்கொள்ளலாம். அந்த ‘ஆமாம்’ அவருடையது. மகள் சந்தோஷமாக விமானம் ஏறவேண்டும் என்று படுத்த இடத்திலிருந்து அவரால் கொடுக்க முடிந்தது அது ஒன்றுதான். அதை எடுத்துப் போட்டுடைக்க எனக்கு உரிமை இருந்ததா?

கிளம்பும் முன் ஹெட்செட்டை அவர் முகத்தில் வைத்து, அதன் முகப்பில் என் கைப்பேசியை ஒட்டிப் பிடித்துச் சாய்வை அளந்துகொண்டேன். அவர் தலை இடது பக்கமும் கொஞ்சம் சரிந்திருந்தது.

வீட்டுக்கு வந்து அந்த நான்கு எண்காரருக்கு எழுதினேன், பதில் வராது என்று தெரிந்தே. படத்தை மேலே தூக்கினால் இரண்டு கண்ணுக்கும் அது பொருந்துமா? பக்கவாட்டில் சாய்த்தால்? ஒரு நாள் காத்திருந்தேன். பிறகு நானே செய்து பார்த்தேன். மேலே தூக்குவது பொருந்தியது. இரண்டு லென்ஸும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் இரண்டும் சேர்ந்தே உயர்கின்றன. பக்கவாட்டில் சாய்த்தபோது ஒரு கண்ணின் படம் மேலேயும் மற்றது கீழேயும் போய்த் தலை சுற்றியது. ஆகவே அதைப் படத்தில் திருத்தக்கூடாது, தலையணையில்தான் திருத்தவேண்டும் என்று முடிவு செய்தேன். படத்தைத் தூக்கியதில் மேல் பகுதி பின்னால் போய் மறைந்துவிட்டது. மறைந்தது அந்தக் கூரைதான். போகட்டும் என்று விட்டேன்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க நானும் அவரைப்போல் படுக்கவேண்டும். பின்னறைத் தரையில் பாயை விரித்து, தலையணைகளை அடுக்கி, அதே சாய்வில் படுத்துக்கொண்டு பட்டனை அழுத்தினேன். கல்யாணம் எனக்கு முன்னால் எழுந்து நின்றது. முப்பத்தெட்டு நிமிடமும் அசையாமல் பார்த்தேன். உட்கார்ந்து பார்த்ததற்கும் இதற்கும் வித்தியாசம் இருந்தது. உட்கார்ந்திருப்பவர் சலித்துப்போனால் எழுந்து போகலாம். படுத்திருப்பவருக்கு அது முடியாது. எதிரில் யாராவது வந்து நின்றால் மனம் அவர்களை அப்படியே பற்றிக்கொள்கிறது. அந்த லோரிக்காரர் குனிந்து பேசியபோது நான் அறியாமல் தலையாட்டினேன். பிறகு தாலி கட்டினார்கள், யோகேஸ்வரி மேடையிலிருந்து இறங்கினாள், என்னை நோக்கி நான்கடி வைத்தாள். இருட்டாகிவிட்டது. வெளிச்சம் வந்தபோது அவள் மேடையில் இருந்தாள்.

நான் வெட்டிய இடம்.

கண் வலிக்கும் என்று வெட்டினேன். அவருக்குக் கண் வலித்தால் என்ன? மகள் அவரிடம் வந்தது அந்த ஒரு தடவைதான். அதை எடுத்துவிட்டு மீதியைக் கொடுத்தால் அவர் மற்றவர்களைப்போல ஒரு விருந்தாளி. அந்த ஒரு நிமிடத்தைத் திரும்பச் சேர்த்தேன். முகம் இரண்டாகத் தெரிந்தால் தெரியட்டும். எனக்கு அந்த விதியைச் சொன்னவர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. கேட்பதற்கு ஆள் இல்லாத இடத்தில்தான் நம் வேலை தொடங்குகிறது என்று அன்று தோன்றியது.

சனிக்கிழமை காலை மெர்லிமாவ் போனேன். கூப்பிடுமுன்பே உள்ளே போனேன். ஒரு துண்டை மடித்து அவர் தலையணைக்கு இடப்புறம் சொருகித் தலையை நேராக்கினேன். ராஜம்மா ஹெட்செட்டைப் பிடித்துக்கொண்டார். நான் பட்டனை அழுத்திவிட்டுக் கட்டில் காலடியில் நின்றேன்.

அவர் என்ன பார்க்கிறார் என்பதைச் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்ள முடிந்தது. முதல் சில நிமிடங்கள் அசையவில்லை. பிறகு தலை மெல்ல வலப்பக்கம் போனது, ராஜம்மாவின் கைகளும் கூடவே போயின. மறுபடி இடப்பக்கம். உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் அது.

“அக்கா, இன்னைக்கு அப்படியும் இப்படியும் திரும்பறாரு பாருங்க,” என்றார் ராஜம்மா. “அன்னைக்கு அசையவே இல்ல.”

தெளிவாகத் தெரிகிறது அல்லவா, அதனால் இருக்கும் என்றேன். ராஜம்மா தலையாட்டினார்.

கெட்டிமேளம் கேட்டது. அடங்கியது. பிறகு அந்தக் குரல், “அப்பா.” அவருடைய இடது கை போர்வைமேல் கிடந்தது. விரல்கள் முதலில் அசைந்தன. அப்புறம் மணிக்கட்டு. கை போர்வையிலிருந்து நான்கு விரல்கடை அளவு மேலே எழும்பி அப்படியே நின்றது. ஹெட்செட் உறுத்துகிறது என்று நினைத்து ராஜம்மா எடுக்கப் போனார். வேண்டாம், கொஞ்சம் இருங்கள் என்றேன். மகள் குனிந்து எழுந்து போகும்வரை அந்தக் கை அங்கேயே இருந்தது.

முடிந்து கழற்றியபோது நான் எதுவும் கேட்கவில்லை. அவர் என்னைத் தேடிப் பார்த்து ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தார். அன்று அந்த வீட்டில் தேத்தண்ணி குடித்தேன், பகல் சாப்பாடும் சாப்பிட்டேன். அதன் பிறகு மாதம் ஒரு தடவையாவது போய்வந்தேன். காரணம் ஒன்றும் இருக்காது. அவர் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இரண்டு பேருக்கும் பேச்சு தேவைப்படவில்லை.

ஏழு மாதம் கழித்து அவர் இறந்துபோனார். பெர்த்திலிருந்து யோகேஸ்வரி வந்தாள். கருமாதி முடிந்த மறுநாள் காலை பதினோரு மணிக்கு என் வீட்டுக்கு வந்து நின்றாள். அந்த வீடியோவைத் தான் ஹெட்செட்டில் பார்த்ததே இல்லை, அப்பா உட்கார்ந்திருக்க வேண்டிய இடத்திலிருந்து ஒரு தடவை பார்க்கவேண்டும் என்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

“வேணாம் ஆன்ட்டி. அப்பா படுத்துதானே பாத்தாரு. நானும் படுத்துக்கிறேன்.”

என்னிடம் இரண்டு படமும் இருந்தன. அவள் பாயில் படுத்துத் தலையணையைச் சரி செய்வதற்குள் நான் தூக்கிச் சரிசெய்த இரண்டாவது படத்தைப் போட்டேன். மகளிடம் சொல்வதில்லை என்று மனதுக்குள் அவருக்குக் கொடுத்த வாக்கு எனக்கு ஞாபகம் இருந்தது.

அவள் பார்த்தாள். தன்னையே பார்த்தாள். தானே தன்னிடம் வந்து ‘அப்பா’ என்று கூப்பிட்டுக் குனிவதைப் பார்த்தாள். கன்னத்தின் இரு பக்கமும் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. முடிந்ததும் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

“நீங்க அப்புறமா வேற காப்பி கொண்டாந்து காட்டுனீங்கன்னு அம்மா சொன்னாங்க. அப்ப அப்பா தலையத் திருப்பித் திருப்பிப் பாத்தாராம். நான் பக்கத்துல நின்னப்ப அவரு அசையல ஆன்ட்டி. இத்தனை நாளா அதையேதான் நெனச்சிட்டிருந்தேன். முதல் தடவை அவரு என்ன பாத்தாரு?”

சொல்லக்கூடாது என்று அவர் கண்ணால் சொன்னது என் முன்னால் நின்றது. இரண்டு தடவை, உடனே இன்னும் இரண்டு தடவை. ஆனால் அவர் காப்பாற்ற நினைத்த அந்தச் சந்தோஷம் இவளிடம் ஏற்கெனவே இல்லை. வெறும் சந்தேகம்தான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு அவள் தனியாக மறுபடி விமானம் ஏறவேண்டும்.

“மண்டபத்துக் கூரை,” என்றேன். “என் தப்புமா. படுத்திருக்கறவருக்குன்னு நான் யோசிக்கல.”

அவள் என் வீட்டுக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப ஏன் ஆமான்னு சொன்னாரு? மூணு தடவை கேட்டேனே.”

“நீ கேட்டியேமா. அதான்.”

கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன், படவில்லை. எழுந்து உட்காரவும் இல்லை. அப்புறம் அந்த முதல் காப்பி இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன்.

“அதப் போடுங்க.”

அதில் பார்க்க ஒன்றுமில்லையே என்றேன். தெரியும் என்றாள்.

போட்டேன். அவள் ஹெட்செட்டைக் கண்ணில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். நாதஸ்வரம் சின்னதாகக் கசிந்து எனக்கும் கேட்டது. முப்பத்தெட்டு நிமிடம் அவள் தலையைத் திருப்பவே இல்லை. கெட்டிமேளம் வந்த இடத்தில் ஒரு கையை எடுத்துப் பாயில் துழாவினாள். என் கையைக் கொடுத்தேன். படம் முடிந்த பிறகும் அவள் அதை விடவில்லை.